பாறை பேசுகிறது... மோட்டாரை நிறுத்துவது யார்?

2017 நவம்பர் 15, புதன்கிழமை. மறுநாள் காலை தென்கொரியாவில் ‘சுனுங்’ தேர்வு. நம்மூர் பிளஸ் டூவையும் நீட்டையும் ஒரே நாளில் வைத்தால் வீட்டுக்கு வீடு என்ன பதற்றம் இருக்குமோ, அந்தப் பதற்றம். தேர்வு எழுதவிருந்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி நடக்கும்போது நாட்டில் ஒரு விமானம்கூட ஏறவோ இறங்கவோ அனுமதி கிடையாது. அவ்வளவு புனிதமான தேர்வை அன்று இரவோடு இரவாக ஒரு வாரம் தள்ளிவைத்தது அரசு. இயற்கைச் சீற்றத்தைக் காரணம் காட்டி அந்தத் தேர்வு தள்ளிப்போனது அதுவே முதல்முறை.

காரணம், அன்று பிற்பகல் 2:29 மணிக்குப் போஹாங் நகரை உலுக்கிய நிலநடுக்கம். கொரிய வானிலைத் துறையின் கணக்கில் அளவு 5.4. ஹான்டாங் பல்கலைக்கழகக் கட்டடத்தின் செங்கல் முகப்பு அப்படியே சரிந்து விழ, கீழே மாணவர்கள் சிதறி ஓடும் காட்சியை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஒருவர் பிறகு இறந்துபோனார். வீடிழந்த சிலர் உள்விளையாட்டு அரங்கில் போட்ட கூடாரங்களிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருந்தார்கள்.

2019 மார்ச் 20 அன்று, அரசே அமைத்த விசாரணைக் குழு அறிக்கையை வெளியிட்டது. ‘இயற்கைச் சீற்றம்’ என்ற சொல் அத்துடன் காலியானது. நகருக்குப் பக்கத்தில் நடந்துவந்த புவிவெப்ப மின் திட்டத்துக்காக 4 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் பாய்ச்சிய தண்ணீர்தான் அந்த நிலநடுக்கத்தைக் கிளப்பிவிட்டது என்றது குழு.

இதில் வயிற்றைப் பிசைவது வேறொன்று. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, எதை நெருக்குகிறது என்பதைப் பாறையே சிறு சிறு அதிர்வுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பதிவு செய்யும் கருவிகளும் அங்கே இருந்தன. கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் நகரும் திரவத்தை அதிர்வுகளை வைத்தே பின்தொடரும் இந்த வித்தைக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டுகிறது. கருவிகள் எங்கோ முன்னேறிப் போய்விட்டன. அவை சொல்வதைக் கேட்டு நடக்கும் ஏற்பாடு மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

டென்வரில் எழுந்த சந்தேகம்

கதை ஒரு ரசாயன ஆயுத ஆலையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் டென்வர் நகருக்கு வடகிழக்கே இருந்தது ராக்கி மவுன்டன் ஆர்சனல். ராணுவத்துக்குச் சொந்தமான அந்த ஆலையின் நச்சுக் கழிவுநீரை என்ன செய்வதென்று தெரியாமல், 1961-இல் 3,671 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டினார்கள். 1962 மார்ச்சில் கழிவைக் கீழே தள்ள ஆரம்பித்தார்கள். ஏப்ரலில் டென்வர் ஆடத் தொடங்கியது. நிலநடுக்கமே அபூர்வமாக இருந்த ஊர் அது.

அங்கே இயேசு சபையினர் நடத்திய ரெஜிஸ் கல்லூரியில் ஒரு நிலநடுக்கமானி இருந்தது. அதில் பதிவான அதிர்வுகளை டேவிட் எவன்ஸ் என்ற நிலவியலாளர் மாதவாரியாக எண்ணினார். கிணற்றில் இறங்கிய கழிவுநீரின் அளவையும் மாதவாரியாக எடுத்தார். இரண்டையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தார். பம்ப் ஓடிய மாதங்களில் அதிர்வு ஏறியிருந்தது. 1963 இறுதியிலிருந்து ஓராண்டு வாக்கில் பம்ப் ஓய்ந்திருந்தது. அப்போது அதிர்வும் ஓய்ந்தது. பிறகு இரண்டும் சேர்ந்தே ஏறின. 1965 நவம்பரில் எவன்ஸ் இதைப் பகிரங்கமாக எடுத்து வைத்தார். ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் போதுமாயிருந்த வேலை. அதுவரை வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

1966 பிப்ரவரியில் கழிவு இறக்குவது நின்றது. அதோடு முடிந்தது என்று நினைத்தால், மிகப் பெரிய அதிர்வுகள் வந்தது 1967-இல். பம்பை நிறுத்தி ஓராண்டுக்கும் மேலான பிறகு! இந்தப் புதிருக்கு விடை பாறைக்குள் அழுத்தம் பரவும் விதத்தில் இருக்கிறது.

ஒரு டின், ஒரு கண்ணாடி

டென்வர் ஆடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1959-இல், கிங் ஹபர்ட், வில்லியம் ரூபி என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். மலையளவுப் பாறைத் தகடுகள் பல கிலோமீட்டர் தூரம் எப்படிச் சறுக்கி நகர்ந்தன என்பது அவர்கள் கேள்வி. கணக்கெல்லாம் போட்டுவிட்டு, யாரும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையையும் சொன்னார்கள். காலி பீர் டின் ஒன்றைக் குளிர வைக்க வேண்டும். ஈரமான கண்ணாடிப் பலகையை மிக லேசாக, ஒரு பாகை அளவுக்குச் சாய்த்து, அதன்மேல் டின்னின் திறந்த வாயைக் கவிழ்த்து வைக்க வேண்டும். முதலில் டின் அசையாது. உள்ளே அடைபட்ட குளிர்ந்த காற்று மெல்லச் சூடேறி விரியும். டின்னின் எடையைக் கீழிருந்து தாங்கும். டின் தானாகச் சறுக்க ஆரம்பிக்கும். கண்ணாடியின் விளிம்பைத் தாண்டியதும் காற்று வெளியேறிவிடும்; டின் அங்கேயே நின்றுவிடும்.

ஆழத்திலும் இதேதான் நடக்கிறது. நிலத்துக்கடியில் பழைய பிளவுகள் ஏராளம். மேலே கிடக்கும் பாறையின் பாரம் பிளவின் இரு பக்கங்களையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் பூமியின் தட்டுகள் தள்ளிக்கொண்டே இருந்தாலும், அந்த இறுக்கம் நகரவிடாது. பிளவின் நுண்துளைகளில் நீரின் அழுத்தம் ஏறினால் இறுக்கம் குறைகிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டு, பாறை வழுக்குகிறது. இதில் நீருக்கு மசகெண்ணெய் வேலை இல்லை. பாரத்தைத் தாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. பலர் இதைத் தவறாகவே சொல்லிவருகிறார்கள்.

சரி, இதை வேண்டுமென்றே செய்து பார்த்தால்? அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை செய்தது. கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் மிச்ச எண்ணெயை வெளியே தள்ள 1957 முதலே தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் சிறு அதிர்வுகள். 1969-இல் வயலைச் சுற்றி 14 நிலநடுக்கமானிகளை வைத்தார்கள். பாறைத் துண்டுகளை ஆய்வகத்தில் உரசிப் பார்த்து, பாறையின் இறுக்கத்தைக் கிணற்றில் அளந்து, ‘இந்த இடத்தில் நீரழுத்தம் 257 பாரைத் தாண்டினால் பிளவு வழுக்கும்’ என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். 1970 நவம்பரில் தண்ணீரை வெளியே எடுத்து அழுத்தத்தைக் குறைத்தபோது கிணறுகளையொட்டிய அதிர்வுகள் மளமளவென்று குறைந்தன. மறுபடி ஏற்றினார்கள், அழுத்தம் அந்த எல்லையைத் தாண்டியதும் அதிர்வுகள் திரும்பின. 1973-இல் நிறுத்தினார்கள், அடங்கின. இந்தத் துறையில் இவ்வளவு சுத்தமான சோதனை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அரிது.

அரை வினாடியில் ஒரு முகவரி

பாறை முறியும்போது இரண்டு அலைகள் கிளம்புகின்றன. வேகமாக வருவது ‘பி’ அலை. பின்னாலேயே வருவது ‘எஸ்’ அலை. கடினப் பாறையில் இரண்டுக்கும் நடுவே உள்ள வினாடிகளை எட்டால் பெருக்கினால், தோராயமாக எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். இடைவெளி அரை வினாடி என்றால் 4 கிலோமீட்டர். பல இடங்களில் கருவி வைத்து, எல்லாத் தூரங்களும் சந்திக்கும் புள்ளியைக் கண்டால் முறிவு நடந்த இடம் கிடைக்கும். இந்த அதிர்வுகளில் பெரும்பாலானவை மனிதர் உணரவே முடியாதவை. மேலே ஒரு லாரி போனாலே அவற்றை அமுக்கிவிடும். அதனால்தான் கருவிகளையே கிணறு தோண்டி நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே இறக்குகிறார்கள். இப்போது கண்ணாடி இழைக் கேபிளையே கருவியாக்கும் முறையும் வந்துவிட்டது. இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியில் ஏற்படும் நுணுக்கமான மாறுதலைப் பார்த்தால், சில மீட்டருக்கு ஒரு நிலநடுக்கமானி வைத்ததற்குச் சமம்.

தண்ணீர் பாய்ச்சத் தொடங்கியதும் முதல் முறிவுகள் கிணற்றின் காலடியில் விழுகின்றன. நாளாக ஆகப் புள்ளிகள் விலகிப் பரவி, ஒரு மேகம்போல விரிகின்றன. அந்த மேகத்தின் வெளி விளிம்பு சீரான வேகத்தில் நகராது. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால், நேரம் நான்கு மடங்கு வேண்டும். வெப்பம் பரவுகிற அதே கணக்கு. டென்வர் புதிர் இங்கே அவிழ்கிறது: மேலே பம்ப் நின்ற பிறகும் கீழே அழுத்தம் ஆமை வேகத்தில் பரவிக்கொண்டே இருந்தது, தூரத்தில், நகரத் தயாராக இருந்த பெரிய பிளவுப் பகுதியை அது எட்டப் பல மாதங்கள் ஆயின.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த மேகம் தண்ணீரின் புகைப்படம் அல்ல. அழுத்தம் தொட்டுப் பாறை முறிந்த இடங்களின் பட்டியல். தண்ணீர் சத்தமில்லாமல் வேறு வழியிலும் போகலாம். 2015-இல் வெளியான ஆய்வொன்றில், தெற்கு பிரான்ஸில் சுமார் 280 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளவுக்குள்ளேயே நீரைச் செலுத்திப் பார்த்தார்கள். பிளவு முதலில் ஓசையின்றி நழுவியது. அதிர்வுகள் பிறகுதான் வந்தன. ‘அதிர்வு இல்லை, ஆகவே ஆபத்து இல்லை’ என்று நிம்மதியாக உட்கார இடமில்லை.

நாமே ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்கும் இன்னொரு வழியும் உண்டு. நார்வே கடற்பகுதியில் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் கரியமில வாயுவைக் கடலடி மணற்பாறைக்குள் ஏற்றிவந்தார்கள். ஏற்றும் முன்பு 1994-இல் எடுத்த ஒலிப்படத்தோடு, பின்னர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த படங்களை ஒப்பிட்டால், வாயு களிமண் அடுக்குகளுக்கு இடையே ஒன்பது தளங்களாகத் தேங்கி விரிவது தெரிகிறது. மென்மையான, ஈரமான மணற்பாறைக்கு இது பொருந்தும். கடினமான கருங்கல்லுக்கு முறிவோசைதான் கதி.

பாசல் நிறுத்தியது, போஹாங் தொடர்ந்தது

புவிவெப்ப மின்சாரத்தில் சிக்கல் இதுதான்: ஆழத்தில் பாறை சூடாக இருக்கிறது, ஆனால் நீர் ஓட வழியில்லை. அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்திப் பிளவுகளைத் திறந்தாக வேண்டும். சிறு அதிர்வுகள் அந்த வேலையின் அங்கம். பெரியது வராமல் பார்த்துக்கொள்வதே சாமர்த்தியம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பர் 2 அன்று 5 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் நீர் ஏற்றத் தொடங்கினார்கள். 1356-இல் பெரும் நிலநடுக்கத்தில் நொறுங்கிய வரலாறு உள்ள ஊரின் நடுவில் இதைச் செய்யத் துணிந்தது எப்படி என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால், அவர்களிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு விதிமுறை இருந்தது. ஆறே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணதிர்வுகள். டிசம்பர் 8 அதிகாலை அதிர்வு அனுமதித்த எல்லையைத் தாண்ட, பம்பை நிறுத்தினார்கள். அன்று மாலையே 3.4 அளவில் ஒரு நடுக்கம், வெடிச் சத்தத்தோடு. சுவர்களில் விரிசல், பல லட்சம் பிராங்க் இழப்பீடு. 2009-இல் திட்டத்துக்கு மூடுவிழா. நிறுத்தியும் தப்பவில்லை என்றாலும், நிறுத்தியதால் அந்த மட்டோடு போனது.

போஹாங்கில் இரண்டு கிணறுகள். 2016 தொடக்கத்திலிருந்து 2017 செப்டம்பர் வரை ஐந்து சுற்றுகளாக மொத்தம் சுமார் 12,800 கன மீட்டர் நீரைச் செலுத்தினார்கள். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் லோடு. அதிலும் பாதிக்கு மேல் திரும்ப வெளியே வந்துவிட்டது. ஏறக்குறைய இதே அளவு நீர் பாசலில் 3.4-ஐக் கொடுத்தது. போஹாங்கில் வெளிப்பட்ட ஆற்றல் அதைவிட ஆயிரம் மடங்கு வாக்கில் அதிகம். செலுத்தும் நீரின் அளவைப் பார்த்து, வரக்கூடிய நடுக்கத்துக்கு உச்சவரம்பு கட்டும் சூத்திரம் ஒன்றை நம்பியிருந்த பொறியாளர்களுக்கு அது பேரிடி.

அறிகுறிகள் வரிசையாக வந்தன. இரண்டாவது கிணற்றைத் துளையிடும்போது 3,800 மீட்டர் வாக்கில், துளைக்குள் சுற்றிவர வேண்டிய சேற்றுக் குழம்பு பெருமளவில் காணாமல் போனது. அங்கே ஏதோ பெரிய பிளவு அதைக் குடித்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கிணற்றில் நீர் ஏற்றியபோதெல்லாம் அதிர்வுகள். 2017 ஏப்ரல் 15 அன்று 3.1 அளவில் ஒன்று. வேலையை நிறுத்தி மறுபடி யோசித்திருக்க வேண்டிய இடம் அதுதான் என்று விசாரணைக் குழுவின் அறிஞர்கள் பின்னால் எழுதினார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நீர் மீண்டும் இறங்கியது. கடைசிச் சுற்று முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நவம்பர் 15.

வெளிநாட்டு நிபுணர்கள் அந்தச் சிற்றதிர்வுகளின் இடங்களைத் துல்லியமாகத் திரும்பக் கணக்கிட்டபோது, சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரு சாய்ந்த பலகைபோல ஒரே தளத்தில் வரிசைகட்டி நின்றன. நவம்பரில் முறிந்த பிளவும் அதே தளம். நடுக்கத்துக்குப் பிறகு கிணற்றுக்குள் கருவியை இறக்கிப் பார்த்தார்கள். 3,780 மீட்டர் அருகே அது தட்டி நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. பிளவு கிணற்றை வெட்டும் இடம் ஏறக்குறைய அதுவே.

போஹாங்கிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு விதி இருந்தது. ஆனால் அது அதிர்வின் அளவை மட்டும் பார்த்தது. புள்ளிகள் எந்த உருவத்தில் சேர்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. என் தீர்ப்பு இதுதான்: தவறு கருவியில் இல்லை, ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் திட்டத்தை நடத்தி முடிக்க வேண்டிய கைகளிலேயே இருந்ததில்தான்.

வேறு மாதிரியும் முடியும். பின்லாந்தின் எஸ்போவில், பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, 2018 கோடையில் 6 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் 49 நாட்கள் 18,000 கன மீட்டருக்கும் மேல் நீர் ஏற்றினார்கள். போஹாங்கைவிட அதிகம். 2.1 என்பது முன்கூட்டியே விதித்த எல்லை. ஆழத்தில் வைத்த கருவிகளின் பதிவு உடனுக்குடன் ஆராயப்பட்டு, அதற்கேற்பப் பம்பின் வேகம் கூட்டவும் குறைக்கவும் பட்டது. ஊர்க்காரர்கள் சிலர் இடிபோலச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அதிகபட்ச அதிர்வு 1.9. பிற்பாடு கிணறுகளுக்கிடையே நீரோட்டம் போதாமல் திட்டம் வணிகரீதியில் தேறவில்லை; அது வேறு கணக்கு.

ஐஸ்லாந்தில் நகர்ந்தது தண்ணீர் அல்ல, எரிமலைக் குழம்பு. 2023 நவம்பர் 10 அன்று அதிர்வுகள் ஒரு கோடாக நீண்டு கிரிண்டாவிக் நகருக்கு அடியில் வருவதை வானிலைத் துறை பார்த்தது. சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழம்பு பாறையைப் பிளந்து பாய்ந்திருந்தது. அந்த இரவே 3,700-க்கும் மேற்பட்டோரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். 2024 ஜனவரியில் நகர விளிம்பிலேயே வெடித்த குழம்பு சில வீடுகளை எரித்தது. வீட்டில் யாரும் இல்லை. பார்ப்பவரும், வெளியேறச் சொல்பவரும் திட்டத்தில் லாபம் பார்க்காதவர்களாக இருந்தது அங்கே வாய்த்த வசதி.

நம் கொய்னா

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நிலத்துக்கடியில் நீரழுத்தம் கிளப்பிய நிலநடுக்கங்களுக்கு உலகமே எடுத்துக்காட்டும் இடம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 103 மீட்டர் உயரக் கொய்னா அணையில் 1962 வாக்கில் நீர் நிரம்பத் தொடங்கியது. அதிர்வுகளும் கூடவே வந்தன. 1967 டிசம்பர் 11 விடியற்காலை 6.3 அளவில் நிலநடுக்கம். ஏறத்தாழ 200 பேர் உறக்கத்திலேயே மாண்டார்கள். அணை அந்த ஆற்றலை உண்டாக்கவில்லை. பாறை ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டது. இன்றும் மழைக்காலத்தில் நீர்த்தேக்கம் நிறைந்தபின் அதிர்வுகள் கூடுகின்றன. பனிக்காலத்தில் மறுபடி ஒரு ஏற்றம். அநேகமாக எல்லாமே சுமார் 30 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பரப்புக்குள்.

ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இங்கே பல பத்தாண்டுகளாகக் கருவிகளை வைத்துப் படித்துவருகிறது. 2017-இல் கோத்தணே என்ற ஊரில் 3 கிலோமீட்டர் ஆழ முன்னோட்டத் துளையும் முடிந்தது. அறிவுக்கோ அனுபவத்துக்கோ நமக்குப் பஞ்சமில்லை.

2025-இல் மத்திய அரசு புவிவெப்ப ஆற்றலுக்கெனத் தேசியக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. துளைகள் வரட்டும், நிலக்கரிப் புகையைவிட அது மேல். உரிமம் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களை அரசு எழுத்தில் போட வேண்டும். துளை போடுவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே அந்த இடத்தில் நிலநடுக்கமானிகள் ஓட வேண்டும். பதிவுகள் அன்றாடம் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். டேவிட் எவன்ஸ் போல வெளியே இருக்கும் ஒருவர் பென்சில் எடுத்து வரைய அது வழிவிடும். மோட்டாரை நிறுத்தும் அதிகாரம் நிறுவனத்துக்கு வெளியே, சம்பளமும் லாபமும் அந்தத் திட்டத்தைச் சாராத ஒருவரிடம் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் இப்படியொரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், வேலைவாய்ப்பு பற்றிக் கேட்பதற்கு முன் இந்த மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள்.